மயில் கழுத்துக்கு வைத்திருந்த நீலம்

“மயிலுக்கு எங்கே நீலம்?”

தீபாவளி முடிந்த இந்த ஒரு வாரத்தில் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் பாக்கியில்லை. எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் போட்ட அரிசிக் கோலத்தை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது ரவாங்கில் இருக்கும் சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது. தோகையில் மஞ்சள் இருக்கிறது, பச்சை இருக்கிறது, சிவப்பு இருக்கிறது... கழுத்து மட்டும் வெள்ளை வெளேர் என்று! சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகி, “மாடர்ன் ஆர்ட்டா மேடம்?” என்றே கேட்டுவிட்டார்.

மாடர்ன் ஆர்ட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கடையில் நீலக் கலர் கிடைக்காமலும் போகவில்லை. வேண்டாம் என்று சொன்னவளே கோலம் போட்டவள்தான். ஏன் என்று கேட்கிறீர்களா? அதற்கு நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

கோலம் போட்டவள் என் தங்கை தேவகி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்த காலத்திலேயே கோலம் என்றால் அவள்தான். எனக்கு வட்டம் போட்டால் கொழுக்கட்டை வரும். அவளோ பள்ளிக்கூடத்திலிருந்து சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பொறுக்கி வந்து சமையல்கட்டுச் சிமெண்டுத் தரையில் தேர் வரைவாள். அம்மா திட்டிக்கொண்டே அந்தத் தேரை மிதிக்காமல் சுற்றிப் போவார். இப்போது தேவகி கிள்ளானில் என்னோடு இருக்கிறாள். எங்கள் தாமான் மண்டபத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் கைதான்.

அந்தக் கைக்குத்தான் போன வருஷம் கண்பட்டது. ஸ்ட்ரோக். வலது பக்கம்.

நடை சீக்கிரமே திரும்பிவிட்டது. பேச்சைக் கேட்கவே வேண்டாம், மூன்றாம் நாளே என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். விரல்கள்தான் அடம்பிடித்தன. கோலத்தை இடது கையால் போட்டுவிடலாம் என்று துணிந்துவிட்டாள்... ஆனால் சாப்பாடு? இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட நம் வீடுகளில் யாருக்கு மனம் வரும்? ஸ்பூன்தான். அதுவும் வீட்டுக்குள், என் முன்னால் மட்டும். கல்யாண வீட்டுக்கு வருவாள், மொய்க் கவரைக் கொடுப்பாள், வாழை இலை போடுவதற்குள் “தலை வலிக்குதுக்கா, போலாம்” என்பாள். எத்தனை கல்யாணத்துக்குத்தான் தலை வலிக்கும்? தெரிந்தும் தெரியாதது போல் நானும் கார் சாவியை எடுப்பேன்.

ஃபிசியோதெரபி செய்கிற பெண் துணி கிளிப் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தாள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தினமும் அழுத்த வேண்டுமாம். இரண்டு வாரம் செய்தாள்.

“அக்கா, இந்த கிளிப்ப கிள்ளிக் கிள்ளி எனக்குப் பைத்தியந்தான் பிடிக்கப் போகுது லா” என்று பையைத் தூக்கி மூலையில் போட்டாள்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் வாசல் வேலியோரம் நிற்கிறாள். எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். டெரஸ் வீடு. கார் நிறுத்தியது போக மிஞ்சுகிற சிமெண்டில் பழைய பெயிண்ட் வாளிகள்... ஒன்றில் கருவேப்பிலை, ஒன்றில் துளசி, ஒன்றில் வாசனைக்குப் பாண்டான் இலை. வேலி முழுக்க நீலச் சங்குப்பூக் கொடி. அந்தப் பூவை வலது கையால் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பூவுக்குப் போகும், பூவைத் தாண்டிப் போகும், திரும்பி வரும். நெற்றியெல்லாம் வேர்வை.

அன்றைக்கு மூன்று பூ.

“இரு, நான் பறிச்சுத் தரேன்” என்று போனேன். ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்... உள்ளே வந்து காபி போட்டேன்.

மூன்று பூ ஐந்தானது. ஐந்து ஒன்பதானது. மழை பெய்த காலைகளில் குடையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் பறித்தாள். முன்பெல்லாம் எழுந்ததும் “இன்னிக்கும் விடிஞ்சிடுச்சா” என்று அலுத்துக்கொள்பவள், “கொடியில இன்னிக்கு எத்தனைன்னு பாக்கணும்” என்று கதவைத் திறக்க ஆரம்பித்தாள். ஒரு பூச்செடி மனுஷியை இப்படி எழுப்பி உட்கார வைக்குமா? வைத்தது. பறித்ததையெல்லாம் காயவைத்து ஒரு பாட்டிலில் போட்டாள். கேட்டால், “மயில் கழுத்துக்கு” என்றாள்.

இந்த வருஷம் கலர்ப் பவுடரே வேண்டாமாம். மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பாண்டான், சிவப்புக்குப் பீட்ரூட். நீலத்துக்கு அவள் விரல் பறித்த சங்குப்பூ. பல மாதத்துப் பூவைக் கொதிக்கவைத்து, அதில் அரிசியை ஊறவைத்து எடுத்தபோது... அடடா! மயில் கழுத்தேதான் தட்டில் இருந்தது.

கோலம் போடுவதற்கு முதல் நாள். மற்ற அரிசியெல்லாம் காய்ந்துவிட்டது, நீலம் மட்டும் வெயிலில் இருந்தது. தேவகிக்கு அன்று ஃபிசியோ. கிளம்பும் நேரத்தில் வானம் கறுத்தது. தட்டைத் தூக்கி வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு காக் ரொஹானாவிடம் நீட்டினேன். காக் என்றால் மலாயில் அக்கா. கிளந்தான்காரர், எங்களை விட மூத்தவர், பதினைந்து வருஷப் பழக்கம். “காக், இது தீபாவளிக்கு வெச்சிருக்கிற அரிசி. கொஞ்சம் பாத்துக்குங்க” என்று மலாயில் சொல்லிவிட்டு ஓடினேன்.

கோலத்துக்கு என்று சொன்னேனா? இல்லை. எனக்குத்தான் எப்போதும் அவசரமாயிற்றே!

இப்போது நீங்களே சொல்லுங்கள். கிளந்தானில் பிறந்த ஒருவர் கையில் சங்குப்பூவில் ஊறிய நீல அரிசியைக் கொடுத்து, பெருநாளுக்கு என்றும் சொன்னால் அவர் என்ன செய்வார்? அவர் ஊரில் அந்த நீலத்துக்கு ஒரே அர்த்தம்தான். நாசி கெராபு... நீலச் சோற்று விருந்து!

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கினோம். காக் எங்களுக்காகவே கேட்டில் காத்திருந்தார். கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம். முகமெல்லாம் சிரிப்பு.

“ரெண்டு பேரும் ஓடி ஓடி வேலை பாக்குறீங்க, சமைக்க நேரம் ஏது? நானே ஆக்கிட்டேன்” என்று மலாயில் சொல்லிக்கொண்டே எங்கள் மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார்.

நீலச் சோறு. ஆவி பறந்தது. சுற்றிலும் வறுத்த தேங்காய்ப்பூ, நறுக்கிய இலைகள், சம்பால், எங்களுக்காகவே பொரித்த மீன்.

பல மாதக் காலைகள். மூன்று பூவில் ஆரம்பித்த விரல்கள். எல்லாம் வெந்து போய்ப் பாத்திரத்தில் கிடந்தது. கொடுத்தவள் நான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“வாய மூடுக்கா” என்றாள் தேவகி, தமிழில், சிரித்த முகம் மாறாமல். “ஒரு வார்த்தை பேசாதே. பாவம், எவ்வளவு ஆசையா செஞ்சிருக்காங்க.”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, எனக்கு மட்டும் தெரியும். காக்கும் எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல் ஸ்பூனை எடுத்துத் தட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

“தலை வலிக்குது” என்பாள், எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் ஸ்பூனைத் தள்ளி வைத்தாள்.

“நான் பறிச்சது. நானே எடுத்துச் சாப்பிடுறேன்” என்றாள் மெதுவாக.

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். வலது கை. விரல்கள் சோற்றுக்குப் போயின. முதல் பிடியில் பாதி மேஜையில் விழுந்தது. இரண்டாவது பிடி மோவாயில். என் கை தானாக எழுந்தது. உதவி என்ற பெயரில் எத்தனை அதிகாரம் பண்ணுகிறோம் நாம்! ஸ்பூன் எடுத்து வைப்பது, சட்டென்று கார் சாவியை எடுப்பது... எல்லாம் அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த அன்பு ஒருத்தியை ஒரு வருஷம் இலை முன்னால் உட்காரவிடாமல் வைத்திருந்ததே! கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மூன்றாவது பிடி வாய்க்குப் போனது.

காக்குக்கு ஒன்றும் தெரியாது. “செடாப்பா?” என்று கேட்டார். ருசியாக இருக்கிறதா என்று.

“ரொம்ப செடாப், காக்” என்றாள் தேவகி. மீனைக் கிள்ளினாள். ஆமாம், கிள்ளினாள்! கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து முள்ளை ஒதுக்கின. நேரம் போனதே தெரியவில்லை. மேஜையில் நீலம், சட்டையில் நீலம், மோவாயில் நீலம். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால், நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை சாப்பிட்டாள்.

பிறகு காலித் தட்டை காக் பக்கம் நீட்டி, “இன்னும் இருக்கா?” என்றாள்.

என் தங்கச்சி! இதைப் போய்ப் பேப்பரில் பீற்றிக்கொள்கிறாளே என்கிறீர்களா? ஆமாம், பீற்றிக்கொள்ளத்தான் எழுதினேன்.