ராஜாவுக்கு முன்னால் சாப்பிட்டவர்

அரண்மனைச் சமையற்கூடத்து வாசற்கல்லில் அந்தப் பதவியின் இலக்கணம் அழகான எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது. “முதல்வாய் என்பவர் பசியை வென்றவர். சுற்றம் அற்றவர். சிரிப்பு அறியாதவர். அரசர் உண்பதற்கு முன் உண்டு நஞ்சைத் தன் உடலில் ஏற்பவராதலால், உயிரின் மீதோ உணவின் மீதோ ஆசை கொள்ளாதவர். எவரையும் நம்பாதவர்.”

தினமும் காலையில் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே போன பெண்மணிக்கு எப்போதும் நல்ல பசி. கணவர் அதே அரண்மனையில் விறகு பிளந்தார். வீட்டில் பிள்ளைகள் உண்டு, போதாததற்கு நாத்தனாரும் உண்டு. அந்தப் பெண்மணி சிரித்தால் பாத்திரம் கழுவும் முற்றத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றால், ஆள் எடுத்த அன்று வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். கல்லில் இருந்ததை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அதற்கும் அவருக்கும் எந்த மனத்தாங்கலும் ஏற்படவில்லை.

வேலை சுலபம். சமையல் இறக்கியதும் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் அவருக்கு ஒரு கரண்டி வரும். சாப்பிடுவார். அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம் ஒன்றைப் பக்கத்துத் தொட்டியில் மிதக்கவிடுவார்கள். துளை வழியாகத் தண்ணீர் ஏறி, கிண்ணம் நிறைந்து அடியில் போய் உட்காரும் வரை ராஜா காத்திருப்பார். அதற்குள் முதல்வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சாப்பாடு மாடிக்குப் போகும். நாக்குக்குப் பழகாத ருசி எது பட்டாலும் உடனே வலது கையைத் தூக்க வேண்டும் என்பது விதி. கை உயர்ந்தால் அந்தச் சாப்பாட்டைக் கொடுத்தவருக்குக் கிழக்குப் பக்கத்துப் பாழுங்கிணறு. அந்தக் கிணற்றை நினைத்துத் தலைமைச் சமையல்காரர் புதிதாக எதையும் சமைப்பதில்லை. உப்பைக்கூட ஒரு கல் கூட்ட மாட்டார்.

இதனால் நேர்ந்தது என்னவென்றால், அந்த நாட்டிலேயே ராஜபோகமாகச் சாப்பிட்டது முதல்வாய்தான். ராஜா சாப்பிட்டது ஆறிப்போன மிச்சத்தை. பிறந்ததிலிருந்து சூடான ஒரு கவளம் அவர் வாயில் பட்டதில்லை. உயிரைப் பணயம் வைத்தவர் குறட்டை விட்டுத் தூங்கினார். யாருக்காக வைத்தாரோ அவர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

ராஜாவைக் குறை சொல்ல முடியாது. அங்கே எல்லோரும் அப்படித்தான். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு காவலர்கள் இருந்தார்கள்: ஒருவர் கதவைப் பார்க்க, மற்றவர் அவரைப் பார்க்க. சபையில் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே நிற்பார்கள். நடுவில் நாலு வண்டி நிறுத்த இடம் காலியாகக் கிடக்கும். உடையில் பை தைக்கக் கூடாது என்று ராஜாவின் தாத்தா காலத்திலேயே சட்டம். எதையும் யாரும் ஒளித்துவைக்கக் கூடாது பாருங்கள். சட்டம் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில், பை என்று ஒன்று உண்டு என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. யார் தட்டில் எது விழுந்தாலும் முதல் கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல்வாய்க்கு மனசு ஆறும். “அண்ணி, இது என்ன அரண்மனையா? என் தட்டை விடுங்க” என்று நாத்தனார் தினமும் சொல்வார். அண்ணி தினமும் மென்றுகொண்டே கேட்டுக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. தன் பங்கிலிருந்து யாருக்காவது கொடுத்துச் சாப்பிடவைக்க வேண்டும் என்று ஆசை. அரண்மனையில் யாரும் வாங்க மாட்டார்கள். இத்தனை வருஷம் விஷத்துக்காகவே காத்திருக்கும் கை அது என்று அவர்களுக்கு ஒரு கூச்சம். நீட்டினால், “இப்பத்தான் சாப்பிட்டேன்மா” என்பார்கள். பட்டினி கிடந்தவன்கூட அப்போதுதான் சாப்பிட்டிருப்பான்.

இந்த நிலையில் ஒரு நாள் காலையில் விறகுக் குவியலுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

முதல்வாய் அப்போது ராஜாவுக்கான வேலையை முடித்துவிட்டு, தன் பங்குக் குழம்புக் கிண்ணமும் ரொட்டியுமாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பார்த்தார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். உடை விசித்திரமாக இருந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை மின்மினி போல விட்டுவிட்டு ஒளிர்ந்தது. பேசியது நம் பேச்சுதான், ஆனால் பாதிச் சொற்களைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. யார், எவர், எப்படி உள்ளே வந்தாய் என்றெல்லாம் கேட்பதற்கு அரண்மனையில் ஏகப்பட்ட ஆட்கள் சம்பளம் வாங்கினார்கள். முதல்வாய் கேட்டது வேறு.

“சாப்டியா தம்பி?”

“இல்லக்கா” என்றான் அவன்.

கிண்ணத்தை நீட்டினார். வாங்கினான். முகரவில்லை, திருப்பிப் பார்க்கவில்லை, ஊதி ஊதிச் சாப்பிட்டான். ரொட்டியால் கிண்ணத்தை வழித்தும் எடுத்தான். “சூடா இருக்குக்கா. ரொம்ப நல்லா இருக்கு” என்றான். தொட்டியில் எதுவும் மிதக்கவில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தன் பங்கைத் தான் சாப்பிடவில்லை என்பது முதல்வாய்க்கு நினைவில் இல்லை.

அதற்குள் முற்றத்துக் காவலர் அவனைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை இன்னொரு காவலர் பார்த்துவிட்டதால் சும்மா விடவும் வழியில்லை.

சபையில் அவன் உண்மையைச் சொன்னான். அதுதான் அவன் செய்த தவறு. பக்கத்து நாட்டு ஒற்றன் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். ஒற்றர்களுக்குத் தனி அறை உண்டு, பக்கத்து நாட்டோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இவனோ, பின்னால் வரப்போகும் காலத்திலிருந்து ஒரு ராஜ விருந்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும், குறி கொஞ்சம் தப்பி விறகுக்கொட்டகையில் விழுந்துவிட்டதாகவும், வெயில் சாயும்போது கையில் உள்ள பட்டை தன்னைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னான்.

“எந்த ஊரு?” என்றார் மந்திரி.

“இதே ஊர்தாங்க.”

“இதே ஊருன்னா அப்பா யாரு?”

“அவர் இன்னும் பொறக்கலைங்க.”

ராஜா முதன்முறையாக வாய் திறந்தார். பின்னால் வரும் காலத்தவன் என்றால் தன்னைக் கொல்லப்போவது யார் என்று தெரிந்திருக்குமே என்றார். கேள்வியில் இருந்த கண்ணி சபைக்குப் புரிந்தது. தெரியும் என்றால் சதிகாரன், தெரியாது என்றால் பொய்யன்.

“மன்னிச்சுக்கணும். உங்களைப் பத்தி எங்க காலத்துல யாருக்கும் எதுவுமே தெரியாது” என்றான் அவன்.

உலகமே தனக்கு எதிராகச் சதி செய்துகொண்டிருக்கிறது என்று நம்பி வாழ்ந்தவரிடம் இதைவிடக் கொடுமையாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மந்திரி கிணற்றைப் பற்றிப் பேச்செடுத்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. யார் விஷயத்தில் சபையால் முடிவு காண முடியவில்லையோ, அவன் தன்னோடு கொண்டுவந்த ஏதாவதொன்றைத் தன் கையால் முதல்வாய்க்குக் கொடுக்கலாம். முதல்வாய் அதைத் தின்று, கிண்ணம் மூழ்கும் வரை கை தூக்காமல் இருந்தால் அவனை விட்டுவிட வேண்டும். முதல்வாய் மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் கிணறு. இதுவரை எந்த முதல்வாயும் மறுக்காமல் இருந்ததில்லை. நியாயம் நடந்தது என்று சொல்லிக்கொள்ளவும் ஆயிற்று, கிணறும் சும்மா கிடக்காது என்று இரண்டுக்கும் உதவிய சடங்கு அது.

சபைக்குப் போகும் வழியில் முதல்வாயைக் கணவர் கோடரியும் கையுமாக மறித்துக்கொண்டார்.

“இந்தா பாரு. மாட்டேன்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துடு. ஒனக்கு ஒண்ணும் கொறையாது.”

“அந்தத் தம்பிக்குக் கொறையுமே.”

“அவன் யாரு நமக்கு? மாமனா மச்சானா?”

“நான் குடுத்ததை வாங்கித் தின்னான்” என்றார் முதல்வாய். “கேள்வியே கேக்கல.”

“பசிச்சா எவனும் தின்பான்.”

“இங்க எத்தனை பேரு பசியோட இருந்திருக்காங்க, எவன் தின்னான்?”

கணவர் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு வழி விட்டார். அவரும் அரண்மனையில் அப்போதுதான் சாப்பிட்டிருக்கும் ரகம்.

சபையில் அவனிடம் கொடுப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பிடித்த உடனே தலை முதல் கால் வரை சோதித்து, கழற்ற வராத அந்தப் பட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்தாயிற்று. இல்லை என்றுதான் சொல்வான் என்பது மந்திரியின் கணக்கு. அவனோ காற்சட்டையின் பக்கவாட்டுக்குள் கையை விட்டான். சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் சுவருக்குள் போகப் பார்த்தார்கள். துணிக்குள் கை மறைவதை அந்தச் சபை தலைமுறைகளாகப் பார்த்ததில்லை. சோதித்தவர்கள் அவனுடைய தலைமுடியையும் காலணியையும் பற்களையும் சோதித்திருந்தார்கள். பையில் தேடவில்லை. இல்லாத ஒன்றில் எப்படித் தேடுவது?

வெளியே வந்த கையில் வெள்ளிக் காகிதச் சுருள் ஒன்று இருந்தது. பிரித்தான். வெள்ளையாக, வட்டமாக இரண்டு வில்லைகள் மிச்சம் இருந்தன. நமக்கெல்லாம் தெரிந்த பெப்பர்மின்ட்தான். அவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

ஒன்றை எடுத்து நீட்டினான். “மிட்டாய்க்கா. சத்தியமா வெறும் மிட்டாய்தான்.”

தொட்டியில் கிண்ணத்தை விட்டார்கள். முதல்வாய் வில்லையை வாயில் போட்டுக்கொண்டார்.

முதலில் இனிப்பு. சரி. அப்புறம் நாக்கின் நடுவில் ஏதோ திறந்துகொண்டது. குளிர் மேலண்ணம் வரை ஏறி, மூக்கு வழியாக வெளியே போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. கசப்பு, காரம், மரத்துப்போவது, தொண்டை இறுகுவது என்று பயப்பட வேண்டியவை எல்லாம் அவருக்குப் பாடம். வாய்க்குள் ஜன்னல் திறப்பது அதில் இல்லை. பழகாத ருசி என்று ஒன்று உண்டென்றால், அது இதுதான். விதிப்படி கை அப்போதே மேலே போயிருக்க வேண்டும்.

மந்திரி அவருடைய வலது கையையே பார்த்தார். அவன் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். கணவர் வாசலில் கோடரியை மறந்து நின்றார். கிண்ணம் பாதி நிறைந்து ஒரு பக்கம் சாய்ந்தது.

முதல்வாய்க்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது கல்லில் எழுதியது போலாகிவிடும். நன்றாகவே பயந்தார். வயிற்றுக்குள் குளிர் இறங்கும்போதெல்லாம் இதோ வந்துவிட்டது என்று நினைத்தார். காலையில் அந்தத் தம்பி ஊதி ஊதிச் சாப்பிட்டதையும் நினைத்தார். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். மூச்சை ஒரு தடவை வாயால் இழுத்துப் பார்த்தார். குளிர் இரட்டிப்பாயிற்று. இன்னொரு தடவை இழுத்தார்.

கிண்ணம் தொட்டியின் அடியில் போய்ச் சத்தத்தோடு உட்கார்ந்தது. முதல்வாய் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

“இன்னொண்ணு இருக்குல்ல, தம்பி?”

சபையில் முதலில் எழுந்தது அவருடைய சிரிப்புதான். பாத்திரம் கழுவும் முற்றத்திலும் அது கேட்டிருக்கும். அவன் இரண்டாவது வில்லையைக் கொடுக்க வரும்போது ராஜா கையைக் காட்டி நிறுத்தினார். அது எப்படி இருக்கிறது என்று முதல்வாயையே கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு சாப்பாட்டைப் பற்றி அவரிடம் ராஜா கேட்டது அன்றுதான்.

“வாய்க்குள்ள காத்து அடிக்குது மகாராஜா. ஆறிப்போச்சேன்னு நீங்க கவலைப்படவே வேணாம். அது ஆறின மாதிரியேதான் பொறந்திருக்கு.”

மந்திரி இதற்கும் ஒரு கிண்ணம் விட வேண்டும் என்று ஆரம்பித்தார். ராஜா பொறுக்கவில்லை. எட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காத்திருக்காமல் அவர் உண்ட முதல் பண்டம் அது. அவருடைய புருவங்கள் மெல்ல உயர்ந்தன. சபையில் பாதிப் பேர் வாளில் கை வைத்தார்கள். ராஜா மூச்சை உள்ளே இழுத்தார், பிறகு இன்னொரு தடவை இழுத்தார்.

பொழுது சாயும் வரை அவனைச் சமையற்கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். முதல்வாய் அவனுக்கு இன்னொரு கிண்ணம் போட்டார். தலைமைச் சமையல்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத மாதிரி, அதிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தின்றார். வெயில் விறகுக் குவியலை விட்டு இறங்கும் நேரத்தில் அவன், “வரேங்க்கா” என்றான். அடுத்த கணம் அங்கே ஆள் இல்லை.

சபை நடவடிக்கையில், மந்திரியின் கூர்மதியால் அந்நிய மாயாவி ஒருவன் விரட்டப்பட்டதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் கதவுகளில் காவலர்கள் இரண்டிரண்டாகவே நின்றார்கள். காற்சட்டைக்குள் கையை விட்டுச் சோதிப்பது என்று ஒன்று புதிதாகச் சேர்ந்தது. பை இல்லாதவர்களை அது மிகவும் சிரமப்படுத்தியது. கிண்ணத்தின் துளையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி ராஜா உத்தரவிட்டார். சாப்பாடு வெதுவெதுப்பாக மாடிக்குப் போயிற்று.

முதல்வாய் பல் விழும் வரை அந்த வேலையில் இருந்தார். விஷம் ஒரு நாளும் வரவில்லை. வயதாகி, வீட்டில், நாத்தனார் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்ட ஒரு மத்தியானத்துக்குப் பிறகு தூக்கத்தில் போனார். வாசற்கல்லில் இருந்த வரிகளை யாரும் மாற்றவில்லை.

அவர் செய்தது இது: ஓர் அந்நியன் கொடுத்ததை வாங்கித் தின்றார், பழகாத ருசி நாக்கில் பட்டபோது கையைத் தூக்கவில்லை.