தி.நகரிலிருந்து அடையாறுக்கு, போன் அடிக்காமல்

மாலை ஐந்து மணிக்குத் தி.நகர் உஸ்மான் சாலையில் புடவைப் பெட்டியோடு நின்றேன். அக்கா மகளின் வரவேற்புக்காகத் திருச்சியிலிருந்து வந்த தாய்மாமன் நான். நான் சீராகக் கொடுக்கும் புடவையின் ஜாக்கெட் பெண்ணுக்குக் கடைசி நேரத்தில் இறுக்கமாகிப்போய், கடையிலேயே பிரித்துத் தைத்து வாங்கியிருந்தேன். அடையாறு மண்டபம் ஏழு கிலோமீட்டர்; ஆறரைக்குப் பெண் மேடையேற வேண்டும். ஓர் ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். இன்னொருவர் அதுகூடக் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"நம்ம வண்டி அங்கதான் போவுது, ஏறிக்கிடுங்க," என்றார் கடை முதலாளி. தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கல்லாவில் இருந்த செல்வி என்ற பெண், கடை எண்ணைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னார். "ஏதாவதுன்னா எனக்குப் பேசுங்க சார். வண்டிக்குப் பேசக்கூடாது." எண்ணை அக்காவுக்கு அனுப்பிவைத்தேன்.

ஓட்டுநர் ஏழுமலை, அடையாறு பக்கத்து ஊரூர் குப்பத்துக்காரர். "பெல்ட் போடு சார். அப்பாலதான் வண்டி நவுரும்." முணுமுணுத்தபடி போட்டேன்.

ஐந்தரைக்கு நந்தனத்தில், மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். அக்கா கூப்பிட்டாள். மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். மறுபடி கூப்பிட்டாள். "உனக்கு மெட்ராஸ் தெரியாது. டிரைவர்கிட்ட குடுடா, நான் வழி சொல்றேன்." போனை அவர் காதருகே நீட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் சார். ஓட்டிக்கினு கீறேன்ல."

அக்கா கத்திவிட்டு வைத்தாள். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேவிட்டேன்.

சிவப்பு விழுந்து வண்டி நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார். "செல்வி அக்கா வூட்டுக்காரர்தான் முன்னாடி கடை வண்டி ஓட்டினார். 'எங்க வர்ற, கொயந்தைக்கு மருந்து வாங்கினியா'ன்னு அக்கா போன் பண்ணுச்சு. பேசிக்கினே போய் லாரில வுட்டுட்டார். லைன் கட்டாவல சார். அக்கா எல்லாத்தையும் கேட்டுகினு இருந்துச்சு."

பிறகு அண்ணாச்சி செல்விக்குக் கல்லாவில் வேலை கொடுத்தாராம். வண்டியில் இருப்பவருக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்பது செல்வி கேட்ட ஒரே வரம். "ஒரு தபா அண்ணாச்சியே அவசரத்துல பண்ணிட்டார். மறுநாள் அக்கா வேலைக்கு வரல. அவரே வூட்டுக்குப் போய் கூட்டியாந்தார். அத்தோட சரி."

அதன்பின் என் அக்காவிடமிருந்து அழைப்பே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கிரீன்வேஸ் சாலையில் ஒரு குடும்பம் கடக்க ஏழுமலை நின்றார். பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. திருச்சியில் நானும் அப்படித்தான் அடித்திருப்பேன். அன்று அந்தக் குடும்பம் கடந்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறே முக்காலுக்கு மண்டபம். வாசலிலேயே அக்கா. திட்டு வாங்கத் தயாராக இறங்கினேன். அவள் பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டு, "டிபன் சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. மெதுவாப் போங்க," என்றாள் ஏழுமலையிடம்.

"கடைக்குப் பேசினேன்டா. செல்வின்னு ஒரு பொண்ணு எடுத்துச்சு. எல்லாத்தையும் சொல்லுச்சு," என்றாள் என்னிடம்.

அக்காவின் கணவரான மாமா ஸ்கூட்டரில் மயிலாப்பூருக்கு மாலை வாங்கப் போயிருந்தார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசியபடியே ஓட்டுவதில் மாமா கெட்டிக்காரர். அதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவது அக்காவின் பழக்கம். இன்று போன் அவள் கைக்குள்ளேயே இருந்தது, விரல் அதன்மேல் போகவில்லை.

"மாலை இன்னும் வரலையா? போன் போட்டுக் கேளேன்," என்றார் சம்பந்தியம்மா.

"வருவார்."

உள்ளே கச்சேரி தொடங்கிவிட்டது. புடவை கட்டிய பெண் மாலைக்காகக் காத்திருந்தாள். அக்கா தெருவைப் பார்த்தபடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஏழு தாண்டி மாமா வந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன கலா, ஒரு போன்கூட வரல? நடுவுல வண்டிய ஓரங்கட்டி, போன் வேலை செய்யுதான்னு எடுத்துப் பார்த்தேன். இங்க யாருக்கு என்ன ஆச்சோன்னு பயந்தே போயிட்டேன்."

அவர் நீட்டிய மாலையை விட்டுவிட்டு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க," என்றாள். "உள்ள வாங்க."