தம்பிக்குப் புத்தி திரும்ப நான் எழுதிய காகிதம்

நம் மலைத்தெய்வம் பெரியண்ணசாமியை நம்பிப் பிழைக்கும் ஜனங்களுக்கு, மலைமேல் குண்டூர் நாட்டுக் கிழவன் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லாகக் கிடந்த சரிவில் ஏழு அடுக்கு வயல் கட்டியவன் நான். இரண்டு மைல் தூரத்து ஊற்றிலிருந்து வாய்க்கால் இழுத்தவன் நான். அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் தடத்தைப் பொதிமாடு போகிற அகலத்துக்கு வெட்டியவன் நான். எழுத்துக்கூட்டக் கற்றதே முப்பது வயதுக்கு மேல்தான். அப்படியிருந்தும் இந்த நாட்டிலிருந்து பட்டணத்துச் சர்வகலாசாலைக்கு முதல் ஆளாக என் தம்பி மகன் பொன்னுசாமியை அனுப்பினேன்.

இத்தனை செய்தவனால் கூடப்பிறந்தவனைக் காப்பாற்ற முடியவில்லை. தம்பி சடையனின் பெண்சாதி ஐப்பசி வெள்ளத்தில் போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. அதன்பின் அவன் தனக்குத்தானே பேசினான். ஆற்றங்கரையில் நின்று அவளைக் கூப்பிட்டான். தை மாதம் அவனைக் கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டினேன்.

எங்கள் வழக்கப்படி பூக்கேட்டுத்தான் கட்டினேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு. கட்டி வைக்கட்டுமா என்று கேட்டேன். வெள்ளை வந்தது. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பொன்னுசாமி ஊசி போடும் டாக்டராக வருவான் என்றிருந்தேன். அவன் புத்தி பேதலித்தவர்களைப் பார்க்கும் படிப்பில் சேர்ந்தான். அவர்களுடைய குடும்பம், தொழில், ஊர் நடப்பு எல்லாவற்றையும் விசாரித்து எழுதுவதும் அந்தப் படிப்பில் சேர்த்தியாம்.

"ஏனுங்க, பைத்தியத்தக் காவல் காக்கறதுக்கா பட்டணத்துப் படிப்பு? அதைத்தான் நீங்க இங்கயே பண்றீங்களே" என்றான் பங்காளி ஒருவன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் பொன்னுசாமி தகப்பனை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவான். மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வைத்துவிட்டே வந்தான்.

"அப்பனைக் கூட்டிட்டுப் போறனுங்க பெரியப்பா."

"சாமி போட்ட கட்டு, கண்ணு. நான் அவுக்க முடியாது."

"எத்தனை நாளைக்குன்னு சாமி சொல்லுச்சுங்க?"

அன்றே கோயிலுக்கு ஏறினேன். குப்புற விழுந்து அழுதேன். என் தம்பிக்குப் புத்தியைத் திருப்பிக் கொடு, என்னிடம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளை வந்தது. சங்கிலியை என் கையாலேயே அவிழ்த்தேன். டோலி கட்டி, முன்கொம்பை நானே தோளில் வைத்து, அவனை முள்ளுக்குறிச்சியில் இறக்கினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. சடையன் வாய் திறக்கவில்லை, கையைத் தொட்டால் சுவரோடு ஒண்டிக்கொள்கிறான். 'கட்டிப்போட்ட அன்று என்ன நடந்தது? நிஜத்தை எழுதுங்கள், பெரியப்பா. அது தெரிந்தால்தான் வழி தெரியும்.'

அரிவாளைத் தூக்கினான், அதனால் கட்டினேன் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தேன். அவன் அரிவாளைத் தொடவே இல்லை. என் மகளைக் கேட்டுச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சடையன் பந்தியில் வந்து உட்கார்ந்து, பெண்சாதி பேரைச் சொல்லி ஓவென்று அழுதான். எனக்கு அவமானமாகிவிட்டது. வாயில் துணியை வைத்து இழுத்துப்போய்க் கட்டினேன். அழுதவனைக் கட்டினேன். பூக்கேட்டுத்தான் கட்டினேன் என்று மேலே எழுதினேனே, பூக்கேட்டதும் கட்டின பிறகுதான்.

இதை எப்படி எழுதுவது? சாமி என்னிடம் எடுத்துக்கொள்ள வந்தது இந்த மானத்தைத்தான் என்று அப்போது புரிந்தது. எட்டு நாள் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக நானே எழுதினேன். ஒரு பொய் இல்லை.

பொன்னுசாமி அதைப் படித்துவிட்டுத் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்காக அழுவுங்கப்பா, இங்க யாரும் கட்ட மாட்டாங்க" என்றானாம். சடையன் நாலு நாள் அழுதானாம். ஐந்தாம் நாள் சோறு கேட்டானாம். சித்திரையில் தன் காலாலேயே மலை ஏறி வந்தான்.

புத்தி வரவேண்டும் என்று கேட்டேன். வந்தது. வந்த புத்திக்கு என்னை நன்றாகவே தெரிகிறது. என் வீட்டில் அவன் தண்ணீர் குடிப்பதில்லை. எதிரே வந்தால் தடம் மாறிப் போகிறான். ஆனாலும் போகிறானே, நடந்து போகிறானே. அதற்காகத் தினம் விளக்கு வைக்கிறேன். இந்த மலையில் பெரக்கரை நாடு வரைக்கும், யாரையாவது கட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டால் நானே போய் அவிழ்க்கச் சொல்கிறேன். நீங்களும் சாமியை நம்பிக் கேளுங்கள். கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. பொன்னுசாமி இதைக் கட்டுரையாக எழுதிச் சர்வகலாசாலையில் பேர் வாங்கிவிட்டான். ஊரே கொண்டாடுகிறது. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். 'உறவினர் ஒருவர் எழுதிய கடிதத்தால் வழி தெரிந்தது' என்று வந்தது.

"அதாருடா உறவினர் ஒருவர்?"

"உங்க மானத்துக்குத்தானுங்க பேரை விட்டேன், பெரியப்பா."

"மானத்தை அந்தக் காயிதத்துலயே குடுத்துட்டேன் சாமி. இனி என்னத்தைக் காப்பாத்தற?"

அவன் இன்னும் திருத்தவில்லை. அதனால் உங்கள் முன்னால் கேட்கிறேன். என் பேரைப் போடட்டும். கட்டினவன் இவன் என்று எழுதட்டும். அந்தக் கடிதத்தை எழுதினவனும் இவனே என்று அதற்குக் கீழேயே எழுதட்டும்.