தைத்து மூடிய விரல்

இரும்புப் பெட்டியைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, குனிந்து அதன் மூடியில் காதை வைத்தார் பெட்டியக்கா. உள்ளே எங்கோ 'கிணுக்' என்று ஒரு சத்தம். முகத்தைச் சுளித்தார். மூடியைத் திறந்து, அடியில் கிடந்த ரிங் ஸ்பேனரைத் தேடி எடுத்து, பழைய பனியன் துணியில் பிறந்த குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி உள்ளே வைத்தார். மறுபடி ஒரு தள்ளு. இப்போது மூச்சு இல்லை.

"பேசுற பெட்டிய நான் வண்டியில ஏத்த மாட்டேன் தம்பி" என்றார் என்னைப் பார்க்காமலே. "வழியெல்லாம் லொடலொடன்னு பேசிட்டு வந்தா, வண்டி முனகுறது டிரைவர் காதுல எப்படி விழும்?"

லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு எதிரே, டயர் கடையை ஒட்டிய ஒற்றை அறை அவருடைய கடை. லாரிகள் நடுவழியில் நின்றுபோனால் கைகொடுக்க வேண்டிய சாமான்களை ஒரே பெட்டியில் அடுக்கிக் கொடுப்பதுதான் தொழில். என் ஸ்கூட்டர் பஞ்சரான அன்று பக்கத்துக் கடையில் காத்திருந்தபோது முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நின்றேன். வம்பு கேட்கிற புத்தி யாரை விட்டது!

அவர் அடுக்குவதே தலைகீழாக இருக்கும். கடைசியில் தேவைப்படுவது முதலில் உள்ளே போகும். ஃபேன் பெல்ட், கட்டுக்கம்பி, ஹோஸ் கிளிப், எண்ணெய் டின் எல்லாம் அடியில். அதற்கு மேல் குறடு, ஸ்பேனர், சுத்தியல். ஃபியூஸ்களுக்கு ஓரத்தில் ஒரு தகர டப்பா. எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறந்ததும் கையில் தட்டுகிற மாதிரி, சக்கரத்துக்கு அடை கொடுக்கும் இரண்டு மரக்கட்டைகளும் மடித்த சிவப்பு எச்சரிக்கை முக்கோணமும். "மொதல்ல உசுரு, அப்புறம்தான் வண்டி" என்பார்.

அடுக்கி முடித்ததும் ஒரு பரீட்சை உண்டு. டிரைவரின் கண்ணை அந்த ஆளின் துண்டாலேயே கட்டிவிடுவார். கட்டிவிட்டு, "ஃபியூஸு! குறடு! டேப்பு!" என்று அதட்டுவார். மீசையும் தொந்தியுமாக இருக்கிற ஆட்கள் மண்டி போட்டுத் துழாவுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. "மாமியா வீட்டுல உப்பு டப்பா தேடுற மாப்ள மாதிரி தேடாதய்யா! கைக்குத் தெரியணும்" என்று ஒருவரை விரட்டினார். அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி தேடினார்.

இதெல்லாம் சரிதான். எனக்கு உறுத்தியது கையுறைகள்தான்.

ஒரு பெட்டியில் ஒரு டிரைவருக்கு ஒரு ஜோடி கையுறை போதும். பெட்டியக்கா இரண்டு ஜோடி வைப்பார். இரண்டாவது ஜோடியில் இடது கையின் மோதிர விரலை அடியோடு மடக்கி, கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்து மூடியிருப்பார். நான்கு விரல்காரனுக்குத்தான் அது சேரும். ஐந்து விரலும் உள்ளவன் மாட்டினால் தையல் பட்டென்று தெறித்துவிடும்.

"இது யாருக்குக்கா?"

"வர்றவருக்கு" என்றார். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்கு மேற்கொண்டு கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒரு நாள் அவராகவே சொன்னார். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். பின்கதவுக் கொக்கியில் மாட்டி மோதிர விரல் போயிற்று. கையுறையின் வெறும் விரல் ஓடுகிற பெல்ட்டில் சிக்கிவிடக் கூடாதே என்று அதைத் தைத்துக் கொடுத்தது இவர்தான். ஒரு பயணத்தில் வண்டியை மட்டும் சாலையோரத்தில் கண்டுபிடித்தார்கள். பஞ்சரான சக்கரம் கழற்றப்பட்டு வேறு சக்கரம் மாட்டப்பட்டிருந்தது. நட்டுகள் இறுக்கமாக இருந்தன. ஜாக்கி இறக்கப்பட்டு, சாமான்களெல்லாம் வரிசை மாறாமல் பெட்டிக்குள் இருந்தன. பெட்டி மூடியிருந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. கையுறைகளைக் காணோம், அவரையும் காணோம். போலீஸ் தேடியது, சொந்தக்காரர்கள் தேடினார்கள், கிணறு குளம் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"உசுரோட இருந்தா வீட்டுக்கு வரட்டும். இல்லன்னா இல்லன்னு தெரியட்டும். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும் தம்பி, நான் நிம்மதியாத் தூங்கிடுவேன்."

தீர்ந்த சாமானை நிரப்பிக்கொள்ள டிரைவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். பெட்டியக்கா முதலில் எடுப்பது அந்த இரண்டாவது ஜோடியைத்தான். வெளுப்பாகவே இருந்தால் யாரும் வரவில்லை. அழுக்காகித் தையலும் பிரிந்திருந்தால், டிரைவரோ கிளீனரோ அவசரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல திட்டு விழும். திட்டிவிட்டு, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு புதிய ஜோடியைத் தைக்க உட்கார்ந்துவிடுவார். நான் பார்த்தவரை இந்த இரண்டில் ஒன்றுதான் நடந்தது.

மகள் வேறு ஊரில் கணவன், குழந்தைகளோடு இருக்கிறாள். கடையை மூடிவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று நச்சரிக்காத நாளில்லை. "தையல் பிரியாம, அழுக்காகி, ஒரே ஒரு ஜோடி வரட்டும்டி. அன்னைக்கே ஷட்டர எறக்கிட்டு உன் பின்னால வந்துடறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். "நடக்காத காரியத்தச் சொல்லியே என்னை ஏமாத்துறீங்கம்மா" என்று போனிலேயே அழுவாள் அந்தப் பெண். அவள் அழுகையில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் பட்டது.

போன வாரம் மகளே நேரில் வந்திருந்தாள். நானும் இருந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிற மதியம். உப்பு ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முறம் போன்ற கை, ஊரைக் கூட்டுகிற குரல். தெருமுனையில் வரும்போதே, "அக்காவ்! டீ சொல்லுங்க!" என்று கத்துகிற மனிதர், அன்று பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எனக்கு இது வேணாம்க்கா. நீங்களே வச்சுக்குங்க."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நேத்து உச்சி வெயில்ல, உப்பளத்து ரோட்டுல டயர் வெடிச்சுடுச்சு. கிளீனரும் வரல, நான் ஒத்தை ஆளு. நட்டு அசைவேனான்னுது. லிவர் மேல ஏறிக்கூட நின்னு பாத்துட்டேன். அப்போ பக்கத்துல இன்னொரு கை வந்து லிவரப் புடிச்சுது. கிளவுஸ் போட்ட கை. ரோட்டுல போற புண்ணியவான் யாரோன்னு நெனச்சேன். சேந்து அமுக்கினோம், விட்டுக் குடுத்துடுச்சு."

"மொகம்?" என்று கேட்டார் பெட்டியக்கா.

"கண்ணெல்லாம் வேர்வைக்கா. உப்பு வேற பளபளன்னு கூசுது. நிமிந்து பாக்கல. கழட்டுன நட்டெல்லாம் சாக்கு மேல வரிசையா வச்சாரு. ஒரு வார்த்தை பேசல."

"வேலை செய்யறப்போ பேசமாட்டாரு" என்றார் பெட்டியக்கா.

லாரிக்காரர் மீதியைச் சொன்னார். "வேலை முடிஞ்சுது. தண்ணி குடிங்கண்ணேன்னு பாட்டில எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்க்கா. ஆளக் காணோம். கோடு போட்ட மாதிரி ரோடு அது, ரெண்டு பக்கமும் உப்புப் பாத்தி, ஒளிய ஒரு மரம் கெடையாது. பாத்தியில எறங்கிப் போனாரோன்னு பாத்தா ஒரு காலடி இல்ல. பெட்டி மட்டும் மூடியிருந்துச்சு. தொறந்தா எல்லாம் நீங்க அடுக்குன மாதிரியே இருக்கு."

பெட்டியக்கா எழுந்திருக்கவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன. வேறு வழியில்லாமல் நான்தான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். லாரியில் வெயிலில் கிடந்து வந்த இரும்பு, தொட்ட விரலைச் சுட்டது. மரக்கட்டைகள் சுட்டன. ஸ்பேனர் சுற்றிய துணிகூடச் சுட்டது. இரண்டாவது ஜோடி கையுறை மட்டும் சில்லென்று இருந்தது. பயத்தில் கீழே போட்டுவிடப் பார்த்தேன். அதை வெளியில் சொல்லாமல் நேராகக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

உள்ளங்கை முழுக்கக் கரும் கிரீஸ். இடது கையின் தையலில் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

மகள் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "யாராவது அந்த ஒரு விரல மடக்கிக்கிட்டு மாட்டியிருப்பாங்கம்மா. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நீங்களே போட்டுப் பாருங்க."

பெட்டியக்கா மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையுறையை எடுத்தார். அதன் குளிர் பட்டதும் அவர் தோள் ஒருமுறை நடுங்கியது. மோதிர விரலை மடக்கிக்கொண்டு இடது கையை மெதுவாக உள்ளே நுழைத்தார். மடக்கிய விரல் உள்ளங்கைக்குள் புடைத்துக்கொண்டு நின்றது. தையல் விரிந்து 'தட்' என்று ஓர் இழை அறுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையுறையைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கிரீஸ் படிந்த அந்தக் கையைத் தன் வலது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். மழையில் நனைந்து வீடு வந்தவரின் கையைத் தேய்த்துவிடுவது போல, மெல்லத் தேய்த்துச் சூடாக்க ஆரம்பித்தார்.