விசில் அடித்து வாங்கிய பறவைப் புத்தகம்

யூக்கலிப்டஸ் தைலமும் புதுப் புத்தகத்தின் வழவழப்பான தாளும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்... கொஞ்சம் ஆஸ்பத்திரி, கொஞ்சம் பள்ளிக்கூடம். லூனாஸில் எங்கள் வீட்டு முன்னறை அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் மணத்தது.

என் மனைவி தேவிக்கு நுரையீரல் கெட்டுப்போய், எழுந்து நடந்தாலே மூச்சு வாங்கிய நேரம். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், யாரோ அழிக்காமல் விட்டுவைத்த ஒரு துண்டு ரப்பர் காடு. அதற்குள்ளிருந்து ஒரு பறவை கூவும். முதலில் நிதானமாக ஒவ்வொரு விசிலாக... பிறகு மாடிப்படியில் சறுக்கி விழுந்தவன் மாதிரி கடகடவென்று இறங்கிவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் சிடாம் கிரி பக்கம் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்தே தேவிக்கு அந்தக் குரல் தெரியும். ஆளைத்தான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“இத்தன வருசமா கூப்பிடுது. பேரு கூட தெரியாமயே போயிடுவேன் போல” என்றாள் ஒரு நாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த வாரமே மகள் வாணியைக் கூட்டிக்கொண்டு சுங்கை பட்டாணியில் ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாவது... அதுவும் அரைகுறை. ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குப் புத்தகக் கடையில் என்ன வேலை? யாராவது துரத்திவிடுவார்களோ என்று ஓரமாகவே நடந்தேன்.

நம் நாட்டுப் பறவைகள் ஒன்று விடாமல் இருக்கும் தடிப் புத்தகங்கள் இரண்டு இருந்தன.

ஒன்றில் அத்தனையும் போட்டோ. மீன்கொத்தியின் மூக்கில் தொங்கும் தண்ணீர்ச் சொட்டுகூடத் தெரிந்தது. கல்யாண ஆல்பம் தோற்றது. இன்னொன்றில் கையால் வரைந்த படங்கள். எஸ்டேட் லாரியில் ஆள் ஏற்றியது போல ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எதிர்ப் பக்கத்தில் முழுக்கப் பொடி எழுத்து.

நான் யோசிக்கவே இல்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு நடந்தேன். வாணி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அம்மா அந்தப் பறவைய பாத்ததே இல்லலா. போட்டோவ வெச்சு எப்படி கண்டுபிடிப்பாங்க?”

அட, ஆமாம்...

“அப்ப கூவுற புக்கு இருக்கானு கேளு.”

“புக்கு எப்படிப்பா கூவும்? இந்தப் படம் வரஞ்சதுல ஒவ்வொன்னும் எப்படி கத்தும்னு எழுதியிருக்கு. உங்க ஆல்பத்துல அது இல்ல.”

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவள் படிக்கப் படிக்க நான் அங்கேயே நின்று விசில் அடித்தேன். கடையில் வேலை செய்யும் மலாய்ப் பெண் ஓடி வந்து, “பாக்சிக், ஓகே கே?” என்று, மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிற மாதிரி கேட்டாள். “புருங்லா, புருங்” என்று பறவைக்குரிய மலாய் வார்த்தையைச் சொல்லிச் சமாளித்தேன். பொடி எழுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும்வரை வாணி என்னைத் தெரியாதவள் மாதிரியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. அந்தக் கனத்தைத் தேவியால் தூக்க முடியாது.

அதனால் நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து குளித்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்காருவேன். புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, சத்தத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு வாயால் செய்தும் காட்டுவேன். ஆந்தைப் பக்கம் வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“இதுவா?”

“ம்ஹூம். இது பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆகற மாரி இருக்கு. அடுத்தது.”

சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். முதுகைத் தடவிவிடுவேன். மூச்சு திரும்பியதும், “ம்... அடுத்தது அடிங்க.”

ஷிஃப்ட், ஓவர்டைம் என்று ஓடிய குடித்தனம் எங்களுடையது. இருவரும் அப்படி உட்கார்ந்து சிரித்தது அந்த மழைக்காலத்தில்தான்.

புத்தகம் முடிவதற்குள் மழை விட்டுவிட்டது. தேவியும்...

எந்தப் பக்கத்தில் நின்றோம் என்று அவளுடைய கொண்டை ஊசியைச் செருகி வைத்திருந்தோம். அப்படியே அலமாரி மேலே ஏற்றிவிட்டேன். பிறகு தொடவில்லை.

வாணிக்கு இப்போது குருண் டவுனில் வேலை. போன வாரம் வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ரப்பர் காட்டுக்குள்ளிருந்து அதே குரல். சத்தத்தைக் கேட்டே பறவையின் பேரைச் சொல்லும் ஆப் இருக்கிறதாம்; வாணி போனை எடுத்துக் காட்டுப் பக்கம் நீட்டினாள். நான் ஒரு மடக்கு விழுங்குவதற்குள் பேர் வந்துவிட்டது.

“ப்ளெயின்டிவ் குக்கூவாம்பா. குயில் ஜாதி. சோகமா கூவுறதுனு அர்த்தம்.”

அவ்வளவுதான்... அவ்வளவு சுலபம்.

புத்தகத்தை இறக்கி, வாணி அந்தப் பேரைத் தேடி எடுத்தாள். கொண்டை ஊசி எங்கேயோ பின்னால் இருந்தது. குயில் அதற்கு ரொம்ப முன்னாலேயே. நாங்கள் தாண்டி வந்த பக்கம்.

படத்தைப் பார்த்ததுமே எனக்கு நினைவு வந்துவிட்டது. சாம்பல் தலை, ஆரஞ்சு வயிறு. அன்றைக்கும் படித்து, விசில் அடித்துக் காட்டினேன். தேவி படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இல்லங்க, இது இல்ல. அடுத்தது.”

என் விசிலின் லட்சணம் அப்படியா? இல்லை, பேர் தெரிந்துவிட்டால் மறுநாள் இவன் கட்டில் ஓரம் வந்து உட்கார மாட்டான் என்று நினைத்தாளா? எந்தப் போனை நீட்டி நான் இதைக் கேட்பது?

அன்றைக்குக் கை கடுக்கக் கடுக்கப் புத்தகத்தைப் பிடித்திருந்தேன். இன்றைக்குப் போன் கனமே இல்லை. கை சும்மாதான் இருக்கிறது.

மறுபடி கூவியது. நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்து, எழுதியிருந்தபடியே விசில் அடித்தேன். வாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அப்பா, கொஞ்சங்கூட ஒத்தே வரலலா!”

“உங்கம்மாவும் அதத்தான்மா சொன்னா” என்றேன்.

ஊசியை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.