கோவளத்துக்குப் போகும் ஆறு பொட்டலம்

தாம்பரம் பக்கம் அஸ்தினாபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள் நான். பொட்டலம் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும்.

ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் எங்கள் ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குக் கம்பெனிகள் சலுகை விலையில் மாத்திரை தருகின்றன. போன வருடம் அதை மாற்ற ஒரு சட்ட வரைவு வந்தது. சலுகை மருந்தை வாங்கிப் போய் வெளிக்கடைகளில் விற்றுவிடுகிறார்களாம். அதனால் நோயாளியே நேரில் வந்து வாங்க வேண்டுமாம், வேறு யார் கையிலும் தரக்கூடாதாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவளத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, வீட்டைவிட்டு வர முடியாத ஆறு பேருக்கு மருந்து வாங்கிப் போவார். அந்த ஷரத்து வந்தால் ஆறு பேருக்கும் மாத்திரை கிடையாது.

தாம்பரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அன்று காலையில் கட்டிய பொட்டலங்களோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் மூச்சு விடாமல் பேசி முடித்ததும் அதிகாரி அக்காவிடம் திரும்பினார்.

"படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"அப்ப மருந்து மாறிப் போச்சுன்னா?"

அக்கா ஒயர் கூடையை மேஜைமேல் கவிழ்த்தார். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து மாத்திரையைப் பார்த்தார். "இது எதிர் வூட்டு அண்ணனுது, சக்கரைக்கு. இது கால் வீங்கிக்கினு கீதே, அந்தப் பெரியவரது..." ஆளையும் பெயரையும் சொல்லிச் சொல்லி ஐந்தைத் தனித்தனியாக வைத்தார். கவரில் நான் எழுதியிருந்த பெயரோடு எல்லாம் சரியாக இருந்தது.

ஆறாவதில் கை நின்றது. "மிச்சம் கீறது கண்ணு தெரியாத அந்தம்மாவுதுதான். ஆனா இது அவுங்க மாத்திரை இல்ல சார். அதுல நடுவுல கோடு கீது. இது மொழுக்குனு கீது."

"கவர்ல அந்தம்மா பேருதானே போட்டிருக்கு?" என்று அதிகாரி என்னைப் பார்த்தார்.

வாங்கிப் பார்த்தேன். பெயர் சரி, மாத்திரை வேறு. நான் கட்டியதுதான். அக்காவுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் தப்பித்திருக்கும்.

"தப்பு என்னுது சார். அந்தம்மா நேர்ல வந்திருந்தா இதைத்தான் வாங்கிட்டுப் போய் முழுங்கியிருப்பாங்க. அக்கா கையில போனதாலதான் தெரிஞ்சுது."

அதிகாரி பேனாவை எடுத்து அந்த ஷரத்தின் பக்கத்தில் நிறைய எழுதினார். அதை நீக்கிவிடுவார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ் ஸ்டாண்டுவரை அக்காவிடம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அது கெடக்கட்டும்மா," என்றார் அக்கா. "மொதல்ல வந்து மாத்திரைய மாத்திக் குடு. அந்தம்மா காத்துகினு இருக்கும்."