கீழ் அறையிலிருந்து கேட்காத குரல்

சேர், எங்கள் ரெப்போசிட்டரியை உடைத்தது நீங்கள்தான். அவள் இல்லை.

ஹட்டன் பஜாரில், இரும்புக் கடைக்கு மேலிருந்த உங்கள் அலுவலகத்தில் நானும் அவளும் இன்னொருவனுமாக மூன்று பேர் தேயிலைத் தோட்டங்களுக்கான சம்பள மென்பொருள் எழுதினோம். மூவரும் எழுதியது, பழைய மாற்றங்களோடு சேர்ந்து கிடக்கும் இடம்தான் ரெப்போசிட்டரி. அதைப் பகிர்ந்த டிரைவில் போட்டீர்கள். அங்கே பூட்டு சரியாக விழாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் எல்லாம் குழம்பும், ஒவ்வொருவராக உள்ளே விட ஒரு சேர்வர் வேண்டும் என்று சொன்னேன். வெறும் ஃபோல்டர்தானே என்றீர்கள்.

அதனால் வாயாலேயே பூட்டுப் போட்டோம். எழுதப் போகிறவர் கத்த வேண்டும். மற்றவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். அவளுக்குத்தான் பெரிய குரல்.

"நான் போடுறேன், யாரும் கை வைக்காதீங்க."

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று மற்றவன் சீண்டுவான்.

"அங்க நிறுவையில கிலோவ வெட்டுவாங்க. இங்க கை வச்சா கையவே வெட்டுவேன்" என்பாள்.

பிறகு, வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று அவளைக் கீழ் அறைக்கு அனுப்பினீர்கள். ஒரு மத்தியானம் தகரத்தில் மழை கொட்டியது. அவள் கத்தியது மேலே கேட்கவில்லை. மற்றவனும் அதே நேரம் எழுதினான். அதற்குப் பிறகு ரெப்போசிட்டரி திறக்கவேயில்லை.

"லயத்துப் பிள்ளைக்குக் கம்பியூட்டர் குடுத்தா இப்பிடித்தான்" என்று, அவள் தோட்டத்து லயன் வரிசை வீட்டில் பிறந்ததைக் குத்தி, எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

எங்கள் கணினிகளில் இருந்த பிரதிகளை வைத்து மென்பொருளை மீட்டோம். பழைய மாற்றங்கள் மட்டும் போயின. அடுத்த வாரம் நீங்களே சத்தமில்லாமல் ஒரு பழைய கணினியில் சேர்வர் போட்டீர்கள். அதன்பின் ஒருநாளும் உடையவில்லை. காரணம் எது என்று உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அவள் கண்டிக்குப் போய் வேலை செய்தாள், நன்றாகவே செய்தாள். இப்போது ஹட்டனுக்குத் திரும்பி வந்து கணினி வகுப்பு தொடங்குகிறாள். பிள்ளைகளைச் சேர்க்க வரும் தாய்மார் சிலர், அவள்தான் உடைத்தாள் என்ற உங்கள் பேச்சைக் கேட்டிருப்பதால் தயங்குகிறார்கள். ஆனாலும் வருகிறார்கள். முன்வரிசை நாற்காலிகள் நிறைந்துவிட்டன.

திறப்பு விழாவுக்கு உங்களையும் அழைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"அவருக்கும் சொல்ல ஒரு எடம் வேணும்ல" என்றாள்.

எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஆனால் நீங்கள் வருவீர்கள் என்று நம்புகிறேன். வந்து வாழ்த்திவிட்டு மட்டும் மேடையை விட்டு இறங்கிவிடாதீர்கள். அந்தத் தாய்மார் முன்னால், மைக்கைப் பிடித்து, அவளை ஏன் அனுப்பினீர்கள் என்று பதில் சொல்லுங்கள்.